போர்வை போர்த்திய ஒயின் பெட்டி

கடந்த புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, பிற்பகல் இரண்டே கால் மணி, விடாத தூறல். திருமலைக்குப் போகும் வழியில், குடிபாலாவிலிருந்து என் தங்கை தன் மகளோடும் ஐந்து மாதப் பேத்தியோடும் திருப்பதியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

கூடத்தில் என் மகன் வாங்கிய ஒயின் குளிர்பெட்டி இருந்தது. விரதத்தில் வருகிறவர்கள் கண்ணில் பதினெட்டு பாட்டில்கள் படக்கூடாதென்று, அதைச் சுவரோடு ஒட்டித் தள்ளி, கனத்த போர்வையால் மூடியிருந்தேன்.

"இன்னாண்ணா இது?"

"பழைய பீரோம்மா."

"பீரோ எங்கனா உறுமுமா? ஆனா கதகதப்பா கீது. கொழந்த இங்கயே தூங்கட்டும்" என்று அதை ஒட்டியே பாயை விரித்தாள்.

பின்னாலுள்ள கம்ப்ரஸரின் சூடு வெளியேற வழியில்லாமல் போர்வைக்குள் அடைபட்டுத்தான் அது சுடுகிறது என்று எனக்குத் தெரியும். சொன்னால் குட்டு வெளிப்படுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அரை மணியில் கருகல் வாடை வந்தது. போர்வையின் பின்பக்கம் புகைந்துகொண்டிருந்தது. தங்கை குழந்தையை வாரி எடுத்தாள். நான் பிளக்கைப் பிடுங்கிப் போர்வையை இழுத்தேன். கண்ணாடிக்குள் பாட்டில்கள் தெரிந்தன.

"இத்த மறைக்கவாண்ணா?" என்றாள்.

இப்போது பெட்டி சுவரிலிருந்து நான்கு அங்குலம் விலகி நிற்கிறது. பின்பக்கத் தூசியை வாரந்தோறும் துடைக்கிறேன். யார் வந்தாலும் மூடுவதில்லை. ஆனாலும் குழந்தை படுத்திருந்த தரையைக் கை தானாகத் தொட்டுப் பார்க்கிறது. சில்லென்றிருந்தாலும் நம்ப மறுக்கிறது.

கம்ப்ரஸர் மாற்ற ஆன செலவு ஏழாயிரத்து இருநூறு ரூபாய்.