கல்லறை இல்லாதவர்களும் எழும்புவார்களா?

இன்று இரத்தினபுரி பஸ்ஸில், வெள்ளமும் மண்சரிவும் இயேசுவின் வருகைக்கு அடையாளம் என்று ஒரு பாஸ்டர் பேசிக்கொண்டு வந்தார்.

என் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஸ்டெல்லா அக்கா. போன வருஷம் மண்சரிவில் தொழிலாளர் குடியிருப்பான லயத்தோடு புதைந்த அவருடைய மகளின் உடல் இன்னும் கிடைக்கவில்லை.

அக்கா திரும்பிக் கேட்டார்: "பாஸ்டர், இயேசு வர்ற அன்னைக்கு, செத்தவங்க எல்லாம் எழும்புவாங்கன்னு சொல்றீங்க. கல்லறை இல்லாதவங்களும் எழும்புவாங்களாங்க?"

"எல்லாரும் எழும்புவாங்கம்மா."

"அப்ப சீக்கிரமா வரச் சொல்லுங்க. புள்ள இருட்டுக்குப் பயப்படுவா."

பாஸ்டர் எழுந்து வந்து, "புள்ள பேரு என்னங்க?" என்றார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் சொன்னேன்.

கடைசி நாளுக்குத் தேதி குறித்து எனக்கு வீடியோ அனுப்பும் நண்பர்களே, அக்காவிடம் எந்தத் தேதியைச் சொல்லட்டும்?