அண்ணன் வெட்டிய வரப்பு

எங்கள் அண்ணன் கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கண்ணீரை எதிர்பார்ப்பீர்கள். அது இருக்கிறது. அதற்கு முன்பே அவர்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

அண்ணன் வடக்குத்து என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சீக்கிரமே காலமானதால், கூலிக்கு ஏர் ஓட்டித் தாயாரையும் என்னையும் காப்பாற்றினார். எங்கள் செம்மண்ணில் அவர் விதைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். பக்கத்தில் நான் விதைத்தது சவலையாக நிற்கும். “பெரியவன் கைராசி” என்று தாயார் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பிறகு ஊருக்குப் பக்கத்தில் வந்த நிலக்கரிச் சுரங்கத்தில் எனக்குப் பர்மனென்ட் வேலை கிடைத்தது. எரிச்சல் அவர் பக்கம் போயிற்று. நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது தெருவே என்னைப் பார்க்கும். அண்ணன் மட்டும் மாட்டைப் பார்ப்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் சுரங்கத்து ஊற்றுநீரை இறைத்து வாய்க்காலில் விட்டார்கள். வானத்தையே நம்பிக் கிடந்த எங்கள் கொல்லை கழனியாயிற்று. அடுத்தடுத்த இரண்டு துண்டிலும் இருவரும் நெல் நட்டோம். தண்ணீருக்கு ஏங்கி வளர்ந்தவர்கள் ஆயிற்றே, வந்த நீரைச் சொட்டு விடாமல் தேக்கி வைத்தோம். நீர்மேல் செம்படலம் மிதந்தது. இலைகள் துருப்பிடித்தாற்போல் பழுப்பேறின. தூர் கட்டவில்லை. உரம் போட்டும் கேட்கவில்லை.

சில வாரங்களில் என் பயிர் மட்டும் தெளிந்தது. வரப்பு அடிக்கடி உடைந்து நீர் வடிந்தது. நண்டு வளை என்று நினைத்து அடைத்து, மறுபடி பாய்ச்சினேன். முழுநேரமும் கழனியில் கிடந்தவரை ஷிப்டுக்குப் போகிறவன் மிஞ்சிவிட்டதாக ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். ஒரு காலையில் அண்ணன் மண்வெட்டியோடு என் வாசலுக்கு வந்தார்.

“உன் வரப்ப வெட்டுனது நண்டு இல்லடா, நான்தான். சம்பளமும் வாங்கினு நெல்லும் அறுக்கப் போறியேன்னு வயிறு எரிஞ்சிது. தண்ணிய வடிச்சா காஞ்சிடும்னு பார்த்தேன். அது தழைச்சினு நிக்குது.”

“அப்போ உங்க வரப்பயும் வெட்டிக்க வேண்டியதுதானேண்ணா?” என்று கத்தினேன்.

“தெனம் மம்முட்டிய தூக்கினுதான் போறேன். கை வரமாட்டேங்குது. வந்த தண்ணிய எப்பிட்றா வெளிய வுடுவேன்? நீ வந்து வெட்டி வுடு.”

என்னிடம் அவர் எதையும் கேட்டது அதுவே முதல் தடவை. கோபம் போன இடம் தெரியவில்லை. போய் வெட்டினேன். நீர் ஓடிய திசையை அண்ணன் திரும்பியும் பார்க்கவில்லை.

நீர் ஓயாமல் தேங்கினால் மண்ணில் காற்று இராது. செம்மண்ணிலுள்ள இரும்பு கரைந்து வேரில் படிந்து மற்றச் சத்துகளை ஏறவிடாது என்று விவசாய யோசனை சொல்ல வரும் கிராம சேவகர் பிறகு விளக்கினார். அதற்குள் அண்ணனின் பயிர் தெளிந்து, அறுவடையில் என்னை முந்திவிட்டது. எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

படுக்கையில் கிடந்தவரைக் கைக்குழந்தையாய்ப் பார்த்துக்கொண்ட அண்ணியாருக்கும், மருத்துவமனைக்கு வண்டி கட்டிய பக்கத்து வீட்டாருக்கும், தோள் கொடுத்துக் கடைசிவரை நடந்த என் ஷிப்டு நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இந்தப் போகம் என் கழனி நன்றாக விளைந்திருக்கிறது. வயிறெரிந்து பார்க்கத்தான் அண்ணன் இல்லை.