என் எழுத்துக்கட்டைகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் லா ஷப்பலில் எங்கள் வீட்டில் நானும் மகளும் பிரெஞ்சு எழுத்துக்கட்டைகளை வைத்துச் சொல் கட்டி விளையாடுவோம். உயிரெழுத்தை ஒரு பக்கம், மெய்யெழுத்தை மறுபக்கம் பிரித்து வைத்துத்தான் நான் தேடுவேன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் பழக்கிய கை. அன்று வெகுநேரமாகியும் ஒன்றும் அகப்படவில்லை. மகள் பொறுமையிழந்து போனை நீட்டினாள். எழுத்துகளை இதில் போட்டால் சொல் தானாக வந்துவிடும் என்று பிரெஞ்சில் சொன்னாள்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தான் பேசப் பழகிய நாளிலிருந்து டொக்டரிடமும் வதிவிட அனுமதி தரும் பிரெபெக்சரிலும் எனக்கான சொல்லை இவள்தான் சொல்கிறாள். இந்த மேசையிலுமா?

மூன்றெழுத்தில் ஒரு சின்னச் சொல் கிடைத்தது. வைத்தேன். இவ்வளவு குறைந்த புள்ளிக்கு வைத்தால் தோற்றுவிடுவீர்கள் என்று சிரித்தாள்.

“ஓம், தோக்கிறன். என்ரை சொல்லோட தோக்கிறன். போனை உள்ளுக்கை வை. இப்ப உன்ரை முறை.”