வெள்ளிக்கிழமை நடுக்கம்

அத்தாயி கார் என்ஜினின் நாலு பிளக்கையும் வாசல் கல்லில் வைத்து, சாம்பலும் தேங்காய் நாருமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, அப்புறம் பிளக்கு. இரண்டு மாதமாகச் சனிக்கிழமையானால் அவள் பாத்திரம் துலக்குவது இந்த வரிசையில்தான். புருஷன் அங்கமுத்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான்.

"மெதுவா புள்ள. அந்த முனை வளைஞ்சுதுன்னா பொறி அடிக்காது."

"அப்ப நீங்களே தேய்க்கறதுதானுங்களே? டிரைவருக்குக் கை கெடையாதுங்களா?"

"காக்கிச் சட்டையில சாம்பல் படப்படாது."

அந்தச் சட்டைக்கு ஒரு கதை உண்டு. அங்கமுத்து பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலில் வளர்ந்தவன். முழங்கால் சேற்றில் நின்று தண்ணீர் இறைத்து ஊற்றியே பதினெட்டு வயதில் கால் விரலிடுக்கெல்லாம் புண். ஒருநாள் குடத்தை வாய்க்காலிலேயே மிதக்க விட்டுவிட்டுச் சூரமங்கலம் போனான். அங்கே ஒரு பஸ் ஷெட்டில் வண்டி கழுவி, ஆறு வருஷத்தில் லைசென்சோடு திரும்பினான். அதே கொடிக்காலுக்குச் சொந்தக்காரரான வேலுசாமிக் கவுண்டர் அப்போதுதான் ஏற்காட்டுத் தோட்டத் துரை ஒருவரிடம் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். முப்பத்து நாலாம் வருஷம் அது. அங்கமுத்து டிரைவரானான். சட்டையைக் கழற்றாமலே தூங்குகிறான் என்று ஊரில் பேச்சு. அத்தாயி அதை மறுத்ததில்லை.

நாலு வருஷம் ஒழுங்காக ஓடிய காருக்கு இப்போது ஒரு வியாதி வந்திருந்தது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்றால்தான் வினை. என்ஜினை அணைக்காமல் நிறுத்தினால் கரும்புகை கக்கிக்கொண்டு, விளக்கிலிருந்து பின்கதவு வரை உதறும். அங்கமுத்து வாராவாரம் பிளக்கைக் கழற்றி அத்தாயியிடம் கொடுத்தான்; முதல் வாரம் அதோடு விட்டான். அடுத்த வாரம் பொறி பிறக்கிற பாயிண்டை அரம் வைத்து ராவினான். மூன்றாம் வாரம் கண்ணில் பட்ட மறையாணி அத்தனையும் முறுக்கினான். நாலாம் வாரம் எலுமிச்சம்பழம் கட்டினான். ஒவ்வொன்றும் பலித்தது. இரண்டு மூன்று நாளில் வண்டி அடங்கிவிடும். "கண்டுபுடிச்சுப்போட்டேன்" என்று அவன் ஊர் முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி உதறும்.

ஒரு புதன்கிழமை சூரமங்கலத்துக்கே ஓட்டிப்போய், பழைய சகா ஃபிட்டர் அருணகிரியிடம் காட்டினான். அங்கே வண்டி பால் குடித்த பூனை மாதிரி நின்றது. அருணகிரி டீ கிளாஸை பானெட் மேல் வைத்துப் பார்த்தான். டீ தளும்பவில்லை.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல அங்கமுத்து. நீதான் எதுக்கும் வைத்தியரப் பாரு."

நேற்று நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மேல். கவுண்டரின் மகள் வசந்தாமணிக்கு நாமக்கல்லில் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கந்தம்மாளை அழைத்துவரக் கவுண்டரோடு கார் போயிற்று. அந்த அம்மாள் காரின் படியில் ஒரு கால் வைத்தாள். அது அதிர்ந்த அதிர்ச்சியில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஏனுங்க சம்பந்தி, வண்டிக்குக் குளிர் காய்ச்சலுங்களா? ஒரு கம்பளி போத்தி ஊட்டுலயே படுக்க வெச்சுட்டு வந்திருக்கலாமில்லீங்க?"

தெருவே சிரித்தது. கவுண்டர் வீடு வந்து சேர்ந்ததும் அங்கமுத்துவிடம் குரலை உயர்த்தாமல் சொன்னார். "வர்ற வெள்ளிக்கெழமை சேலை எடுக்க மறுபடி அந்தம்மாளைக் கூட்டிட்டு வரோணும். அன்னிக்கும் ஆடுச்சுன்னா, வண்டிய வித்துப்போட்டு வில்வண்டியப் பூட்டிக்குவேன். நீ கொடிக்காலுக்குத் தண்ணி கட்டப் போயிரு."

அதனால்தான் இன்று மேற்பார்வை பலமாக இருந்தது. அத்தாயி பிளக்கை வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, போன புதங்கெழமை கழட்டுனப்ப இது சுத்தமாத்தானே இருந்துச்சு? சனிக்கெழமைக்கு மட்டும் எங்கிருந்து வருதுங்க இத்தனை கரி?"

"என்ஜினுன்னா கரி புடிக்கத்தான் செய்யும்."

"அடுப்புல கரி புடிச்சுப் புகைஞ்சா, காத்துப் போற வழி அடைச்சிருக்குதுன்னு அர்த்தம். ஊதாங்குழல எடுத்து ஊதுவேன்."

"இது உன்ற அடுப்பில்ல. இங்கிலீஷ் மெசினு."

"சரிங்க. அந்த இங்கிலீஷ் மெசினை வெள்ளிக்கெழமையில என்ன பண்றீங்க?"

"நா என்ன பண்றேன்? தொடறதேயில்ல. அன்னிக்கு ஆத்தா வந்து பூசை..."

அங்கமுத்து அப்படியே நிறுத்தினான். பிளக்குகளை வாரி மடியில் போட்டுக்கொண்டு ஓடினான். சட்டையில் சாம்பல் பட்டதை அவன் பார்க்கவில்லை.

ஆத்தா என்றால் கவுண்டரின் மனைவி முத்தாயம்மாள். வெள்ளிதோறும் தலை முழுகிவிட்டு, குத்துவிளக்குக்குப் பொட்டு வைத்த கையோடு காருக்கும் வைப்பாள். பானெட்டைத் திறந்து என்ஜினுக்கும் வைப்பாள். இரண்டு மாதத்துக்கு முன் சம்பந்தி வீட்டார் பார்க்கட்டும் என்று அங்கமுத்து கார்புரேட்டரின் பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்து விளக்கு மாதிரி ஆக்கியிருந்தான். மின்னுகிற பித்தளையைக் கண்டால் முத்தாயம்மாளின் விரல் சும்மா இருக்குமா? பித்தளையின் பக்கவாட்டில் பொட்டு வைப்பதற்கென்றே குழித்தது போல ஒரு சின்ன ஓட்டை. வண்டி நின்று மெள்ள ஓடும்போது பெட்ரோலோடு சேரக் காற்று போகிற வழி அதுதான். அதில் வாரம் ஒரு பொட்டு, அழுத்தமாக. சூட்டில் காய்ந்து திங்கள் செவ்வாய்க்குள் தானாக உதிர்ந்துவிடும்.

கொட்டகையில் அங்கமுத்து பிளக்கை மாட்டி, கைப்பிடியைச் சுற்றி என்ஜினைக் கிளப்பினான். வண்டி உதறியது. விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி ஓட்டைக்குள் விட்டான். சந்தனம் வில்லையாக வந்து விழுந்தது. இரண்டு தரம் செருமிவிட்டு வண்டி அடங்கிற்று.

பின்னாலேயே வந்து நின்ற அத்தாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"நானும் இதத்தான் நெனைச்சுட்டே இருந்தேன்" என்றான் அங்கமுத்து.

"ஆமாங்க. வாரமெல்லாம் நெனைச்சீங்க. நாந்தான் பிளக்குத் தேய்ச்சுக் கெடுத்துப்போட்டேன்."

வியாதி தெரிந்துவிட்டது. அதை முத்தாயம்மாளிடம் சொல்வதுதான் பாடு. அவள் வைத்த ரசத்தில் உப்புத் தூக்கல் என்று சொன்ன சமையல்காரன் இப்போது கரூரில் இருக்கிறான். ஓட்டையின் மேல் மெழுகை அப்பி மறைத்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தான். மெழுகும் அடைக்கத்தானே செய்யும் என்பது ராத்திரி சோற்றில் கை வைத்தபோது உறைத்தது. பித்தளையில் கரி பூசலாம் என்றால், அழுக்கு வண்டியைக் காட்டிக் கவுண்டர் திட்டுவார். இப்படியே வியாழன் வரை போயிற்று.

வெள்ளிக்கிழமை காலையில் முத்தாயம்மாள் ஆசாரக் கூடத்தில் உட்கார்ந்து சந்தனம் இழைத்துக்கொண்டிருந்தாள். கவுண்டர் நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அங்கமுத்து கதவோரம் வந்து நின்றான். தொடையில் கையை இரண்டு தரம் துடைத்துக்கொண்டான்.

"ஆத்தா, ஒரு சேதிங்க."

"சொல்லு சாமி."

"இன்னிக்கு அந்தப் பித்தளைக்கு மட்டும் பொட்டு வேண்டாமுங்க."

"ஏன், அதுக்கென்ன வந்துச்சு?"

"அது வண்டிக்கு மூக்குங்க. அதுல சந்தனம் போனா மூச்சு முட்டுதுங்க. அதுலதான்... உதறுதுங்க."

கவுண்டர் பத்திரிகையை இறக்கினார். பிறகு சிரித்தார் பாருங்கள், நாற்காலியே வெள்ளிக்கிழமைக் கார் ஆகிவிட்டது.

"கேட்டுக்கோ! ரெண்டு மாசமா எம்பட மானத்தை வாங்குனது நீயும் உன்ற சந்தனமும்! கந்தம்மா கேட்டா சொல்லிப்போடறேன். குளிர் காய்ச்சலில்லீங்க சம்பந்தி, எங்கூட்டுக்காரியோட பக்தீங்க!" சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

முத்தாயம்மாள் அவர் இருமி முடிக்கும் வரை இழைத்தாள். சந்தனத்தைக் கிண்ணத்தில் வழித்து அங்கமுத்துவிடம் நீட்டினாள்.

"மூக்கில்லாத எடமாப் பாத்து நீயே வெச்சுட்டு வா."

பிறகு கவுண்டர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, வண்டி ஆடுனா இவனைக் கொடிக்காலுக்கு அனுப்பறேன்னு சொன்னீங்களாமா. ஆட்டுனது நானுன்னு ஆயிப்போச்சு. என்னை எங்கீங்க அனுப்பறீங்க?"

கவுண்டர் அங்கமுத்துவைப் பார்த்தார். அங்கமுத்து கிண்ணத்தைப் பார்த்தான்.

"கேக்கறனுங்களே?"

கவுண்டர் பத்திரிகையை நாலாக மடித்தார். பிரித்து, மறுபடி மடித்தார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வெளியே போனார்.