மதிலுக்கு மேலால் வந்த பாத்திரம்

பண்டத்தரிப்பில் பாலேஸ்வரியைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். கைராசிக்காரி, அவள் நட்ட தடி பட்டுப்போனதில்லை என்பது ஒன்று. வாய் பொல்லாதது என்பது மற்றது. ஊருக்குத் தெரியாத மூன்றாவது ஒன்றும் உண்டு. கூடப் பிறந்த தங்கச்சி தக்சாயினிமேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பொறாமை. கொஞ்சநஞ்சமில்லை, வயிறு பற்றியெரிகிற பொறாமை.

தாயின் காணியை இரண்டாகப் பிரித்து இருவருக்கும் சீதனமாகக் கொடுத்தபோது, நல்ல தண்ணீர்க் கிணறு தக்சாயினியின் பக்கம் விழுந்தது. முருங்கையும் பாகல் பந்தலும்தான் பாலேஸ்வரியின் பக்கம். நடுவில் முதலில் கிடுகு வேலி இருந்தது, பிறகு நெஞ்சளவு மதில் வந்தது. தங்கச்சியின் மகன் லண்டனுக்குப் போனான். இவளுடைய மகன் நிருஷன் கொழும்போடு நின்றுவிட்டான். எதை எடுத்தாலும் மதிலுக்கு அங்கால்தான் ஒரு படி உயரம்.

அதனால் தக்சாயினிக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, என்று தெரியவந்த அன்று பாலேஸ்வரிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பாவம்தான், ஆனாலும் குளிர்ந்தது. "வாயைக் கட்டத் தெரியாதவைக்குத்தான் உந்த வருத்தம் வரும்" என்று கோயில் வீதியில் நாலு பேர் கேட்கச் சொல்லியும் விட்டாள்.

சொல்லி ஒரு வருஷம் ஆகவில்லை, அதே வருத்தம் அவளுக்கும் வந்தது. ஊர் ஆஸ்பத்திரியில் காட்டினால் தங்கச்சிக்குப் பக்கத்து வாங்கில் போய்க் குந்த வேண்டும். அதற்குச் சாகலாம். யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறி அங்கே கிளினிக்கில் பதிந்துகொண்டாள். கேட்டவர்களிடம் முழங்கால் நோவு என்றாள். புருஷன் பஞ்சலிங்கத்துக்கு மட்டும்தான் உண்மை தெரியும்.

"வெளியிலை மூச்சு விட்டியளோ, நான் கிணத்துக்கை குதிப்பன்" என்று அவரை வெருட்டி வைத்திருந்தாள்.

"கிணறும் தங்கச்சியின்ரை பக்கமெல்லே இருக்கு" என்றார் அவர்.

இதற்கிடையில் தக்சாயினி மெலியத் தொடங்கினாள். சீனியும் இறங்கியது, முகமும் தெளிந்தது. ஊர் வாய் ஓயவில்லை. மனுசி எப்படி வாயைக் கட்டுகிறாள் பார் என்று, பாலேஸ்வரி சொன்ன அதே வசனத்தைத் திருப்பிப் போட்டுப் புகழ்ந்தது.

பாலேஸ்வரியும் சும்மா இருக்கவில்லை. பிடிவாதக்காரி. காலையில் ஒரு வெறுந்தேத்தண்ணி, மத்தியானம் ஒரு பிடி சோறு, அவ்வளவோடு நின்றுகொள்வாள். பின்னேரம் தக்சாயினி நடந்துவிட்டு வரும்போது சட்டை தொளதொளவென்று தொங்கும். "நல்லா மெலிஞ்சு போனாய் பிள்ளை" என்று றோட்டில் போகிற யாராவது சொல்வார்கள். அது காதில் விழுந்தால் போதும், பாலேஸ்வரியின் கால் தானாகக் குசினிக்குள் போகும். அலுமாரியைத் திறந்து நின்றபடியே தின்பாள். இருந்து தின்றால்தான் சாப்பாடு, நின்று தின்றது கணக்கில் வராது என்பது அவளுடைய சட்டம். ஒரேயொரு பயத்தம் பணியாரம் என்று போகிற கை, பாத்திரத்தின் அடியைத் தட்டிய பிறகுதான் நிற்கும். பாதிக்கு மேல் ருசிகூடத் தெரியாது. தின்று முடிய அழுகை வரும். அடுத்த நாள் தண்டனையாக இன்னும் இறுக்கிப் பட்டினி கிடப்பாள். பட்டினி கிடந்த வயிறு பின்னேரம் வட்டியோடு கேட்கும்.

கிளினிக்கில் இருந்த நேர்ஸ் பிள்ளை நல்ல பிள்ளை. "பட்டினி கிடந்தால் பிறகு பேய்த் தீன்தான் தின்ன வரும் அம்மா. நேரத்துக்கு நேரம் அளவாச் சாப்பிடுங்கோ. ஆசை எழும்பினால் ஒரு கோப்பை தண்ணி குடிச்சிட்டு வளவை ஒருக்காச் சுத்தி வாங்கோ, அது அடங்கீடும். முக்கியமா உந்தப் பண்டங்களை வாங்கி வைக்காதேங்கோ."

"நான் ஒண்டும் வாங்கிறேல்லை மோனை."

"அப்ப எப்பிடி ஏறுது?"

டொக்டர் தலையை நிமிர்த்தாமலே, அடுத்தமுறையும் இப்படியே இருந்தால் ஊசிதான் என்றார். காலைக் கவனிக்கவும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அவளுக்கு மேற்குத் தெரு ஏரம்பு அண்ணையின் நினைவுதான். அவருக்கும் பெருவிரலில் சின்னப் புண்ணாகத்தான் தொடங்கியது. இப்போது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. வெங்காயத் தோட்டத்துக்குள் வெறுங்காலோடு திரிகிறவள் பாலேஸ்வரி. அவளுக்குக் கால் வேண்டும்.

ஆனால் அவள் நேர்ஸிடம் பொய் சொல்லவில்லை. பண்டம் எதுவும் வாங்குவதில்லைத்தான். அது மதிலுக்கு மேலால் வரும். "அக்கா, இந்தாங்கோ" என்று தக்சாயினி மூடிய பாத்திரம் ஒன்றை நீட்டுவாள். தங்கச்சி தருவதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் ஏன் என்று கேட்பாளே. வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற பழக்கமும் அந்த ஊரில் இல்லை. பாலேஸ்வரி அதில் முருங்கையிலையோ பாகற்காயோ நிரப்பி அனுப்புவாள். பிரித்தானியச் சொக்கிளேற்றுக்குப் பாகற்காய்தானா என்று அதிலும் அவளுக்கு ஒரு குறுகுறுப்பு.

அதே தெரு நல்லம்மாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. பலகாரச் சூட்டுக்கு அயல் பெண்கள் எல்லோரும் கூடினார்கள். முற்றத்தில் மூன்று அடுப்பு எரிந்தது. தக்சாயினி எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் இருந்து முறுக்குச் சுட்டாள், ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கவில்லை. அரியதரத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்த பாலேஸ்வரி கடைக்கண்ணால் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதென்னெண்டு பிள்ளை உன்னாலை வாயைக் கட்ட முடியுது?" என்று நல்லம்மா கேட்டாள்.

"ஆர் வாயைக் கட்டினது?" தக்சாயினி சிரித்தாள். "வீட்டிலை இருந்தால் நானும் முடிச்சுப்போட்டுத்தான் எழும்புவன். அதாலை வைச்சிருக்கிறேல்லை. லண்டன் சொக்கிளேற்று, கோயில் மோதகம், கலியாணவீட்டுப் பலகாரம், எல்லாம் அண்டைக்கே மதிலுக்கு மேலாலை அக்காட்டைப் போயிடும்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அக்காவும் பாத்திரத்தை வெறுமையாத் தரமாட்டா. முருங்கையிலை, பாகற்காய் எண்டு நிரப்பித் தருவா. அதைத் திண்டுதான் எனக்குச் சீனி இறங்கினது. அவவுக்கென்ன, கல்லைத் திண்டாலும் செமிக்கும். உண்மையைச் சொல்லுறன், அக்கா நிம்மதியாத் தின்னுறதை நினைச்சால் எனக்கு எரிச்சல் எரிச்சலா வரும்."

பாலேஸ்வரியின் கை மாவுக்குள் நின்றது. அவளுடைய குப்பைக்கிடங்கா நான் என்று முதலில் கோபம் ஏறியது. என்னுடைய முருங்கையில் மெலிந்துவிட்டு என் முன்னாலேயே மினுக்குகிறாளே என்று அடுத்தது. ஆனால் கடைசியாகச் சொன்ன சொல் கோபத்தை மிதித்துக்கொண்டு மேலே வந்தது. தக்சாயினிக்குத் தன்மேல் எரிச்சல்! இத்தனை வருஷமாக அந்த ஒரு சொல்லுக்குத்தானே காத்திருந்தாள். அது அரியதரத்தைவிட இனித்தது. தன்னிடம் இல்லாத சுகத்தின்மேல் வந்த எரிச்சல் என்பதுதான் இடித்தது.

அன்று பின்னேரமே பாத்திரம் வந்தது. பலகாரச் சூட்டில் பங்காகக் கிடைத்த அரியதரம். பாலேஸ்வரி அதைக் குசினிக்குள் கொண்டுபோய் மூடியைத் திறந்தாள். நெய்யும் சர்க்கரையும் மணத்தன. கை தானாக நீண்டது. தின்றால் தங்கச்சி தன்னைப் பார்த்து என்றைக்கும் எரிந்துகொண்டிருப்பாள். தின்னாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும், சொன்னால் அந்த எரிச்சல் அவிந்துபோகும். எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும் என்று மூக்கை அறுத்தவனுக்குக்கூட மூக்குத்தான் போனது. தனக்குப் போகப்போவது கால்.

மூடியைப் போட்டாள். ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். முருங்கையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், ஆசை அடங்கவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றினாள். பிறகு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனாள்.

"தக்சா!"

தங்கச்சி கிணற்றடியிலிருந்து வந்தாள். கொடுத்த பாத்திரம் அன்றே அதே கனத்தோடு திரும்பி வந்ததைக் கண்டதும் முகம் மாறியது. "நான் தந்ததெல்லே அக்கா? கோவமோ?"

"கோவந்தான். அது வேறை கதை." மேலே சொல்ல வாய் வரவில்லை. பாத்திரத்தை மதிலில் வைத்தாள். "எனக்கும் சீனி."

"என்ன?"

"ஓம். போன வருஷத்திலை இருந்து. முழங்கால் எண்டு போனதெல்லாம் அதுக்குத்தான்."

தக்சாயினி மதிலைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, உங்களுக்கு எவ்வளவத்தைத் தந்து துலைச்சிட்டன். ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ என்னைப் பாத்து இரங்குவாய். நீ என்னைப் பாத்து எரிஞ்சால் தாங்குவன், இரங்கினால் தாங்கமாட்டன்."

தக்சாயினியின் கண் கலங்கியது. நல்லவேளையாக இரங்கிப் பேசத் தெரியாமல், கிளினிக்கில் பழகிய கேள்வியைக் கேட்டாள். "எவ்வளவிலை நிக்குது?"

பாலேஸ்வரி நிமிர்ந்து நின்றாள். அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக மதிலுக்கு இங்கால் ஒரு படி உயர்ந்தது போல இருந்தது.

"உன்ரையை விடக் கூடத்தான்" என்றாள்.

தக்சாயினிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இருவரும் இருட்டும்வரை கதைத்துக்கொண்டு நின்றார்கள், மதிலில் இருந்த பாத்திரத்தை இரண்டு பேரும் எடுக்கவில்லை.