சத்தம் வந்தால் நிறுத்தாதே

குமாரி போய்விட்டாள் என்று அவள் தம்பி திருக்கழுக்குன்றத்திலிருந்து போன் செய்தபோது என் இரண்டு கையிலும் சிமெண்ட். இயந்திரத்தில் கலவை சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டால் அத்தனையும் பாழ். அச்சுகளில் கொட்டி, மட்டம் தட்டி, ஈரச்சாக்கு போர்த்திவிட்டுத்தான் கிளம்பினேன். "இவளுக்கெல்லாம் நெஞ்சில ஈரமே கிடையாதா?" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லட்டும். பாதியில் விட்டுப் போயிருந்தால் குமாரியே எழுந்து உட்கார்ந்து, "கலவைய வீணாக்கிட்டு இங்க எதுக்குடி வந்த?" என்று கேட்டிருப்பாள்.

படூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆய்வகத்தில் நாங்கள் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். பீம் எனும் சோதனை உத்தரங்களை நான் வார்ப்பேன், அவள் உடைப்பாள். இரும்பு இழை கலந்த கான்கிரீட் எப்போது விரிசல் விடுகிறது, எப்போது பிளக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. சாதாரண கான்கிரீட் என்றால் 'டப்' என்று ஒரு சத்தம், இரண்டு துண்டு, கதை முடிந்தது. அந்தப் பழக்கத்தில் புதிதாக வருகிற எல்லோரும் ஒரே தப்பைச் செய்வார்கள். சத்தம் கேட்டதும், உடைக்கும் இயந்திரத்தை நிறுத்தக் கை தானாக ஸ்விட்சுக்குப் போய்விடும்.

பெயர் பெற்ற பொறியாளர் ஒருவரே அப்படி நிறுத்திவிட்டார். "இன்டர்வெல் விட்டதும் வூட்டுக்குக் கிளம்பிடுவீங்களா சார்? படமே இனிமேதான்" என்றாள் குமாரி. விரிசல் விழுந்த பிறகுதான் இழைகள் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கத் தொடங்கும். எவ்வளவு பிடிக்கின்றன என்று தெரிய வேண்டுமானால் பீமை மெதுவாக வளைத்துக்கொண்டே போக வேண்டும். அது முடியும்வரை அவள் யாரையும் பேச விடமாட்டாள். டீ மட்டும் உண்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் விரிசல் டீ.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பொதுக்கூடம் கட்டினார்கள். புயல் வந்தால் ஊரே அதற்குள்தான் போய் உட்கார வேண்டும். அதன் கூரைப் பலகையிலிருந்து அறுத்த துண்டுகள் எங்களிடம் சோதனைக்கு வந்தன. சத்தம் வந்தது, அடுத்த கணமே துண்டு இரண்டாக விழுந்தது. உடைந்த முகத்தைப் பார்த்தால் இழையெல்லாம் ஒரே மூலையில் சிக்குத்தலை மாதிரி உருண்டு கிடக்கிறது. கலக்கும்போது மொத்தமாகக் கொட்டியிருக்கிறார்கள், பாவிகள்.

"முதல் விரிசல் வரைக்கும் பலம் இருக்கே மேடம், அத மட்டும் எழுதிக் குடுங்க" என்றார் ஒப்பந்தக்காரர். கல்லூரி நிர்வாகமும் அதையே சொன்னது. குமாரி நகரவில்லை. "விரிசல் வந்தப்புறம் உள்ள இருக்கிற ஜனம் எழுந்து வெளிய வரணும் இல்ல? அந்த நேரத்துக்குத்தான் சார் இழை போடறோம். அது இல்லன்னா எதுக்கு? அழகுக்கா?" என்றாள். அதோடு விட்டாளா? குப்பத்துத் தலைவரையே வரவழைத்து, அவர் கண்ணெதிரில் மிச்சத் துண்டையும் உடைத்துக் காட்டினாள்.

"இன்னாம்மா இது, அப்பளம் கணக்கா கீது! இதுக்குக் கீழயா எங்க புள்ளைங்கள குந்த வைக்கச் சொன்னாங்க?" என்றார் அவர். அப்புறம் அவர் போட்ட சத்தத்தில் பலகைகள் இறங்கின. புதிய பலகைகளுக்கு நானே போய் நின்று, இழையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்க வைத்தேன். பின்னால் ஒரு புயலில் அந்தக் கூரைமேல் பனைமரம் சாய்ந்தது. கூரை விரிசல் விட்டது, தொங்கியது, விழவில்லை. எல்லோரும் நடந்தே வெளியே வந்தார்கள். அன்று குமாரி ஆய்வகம் முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவளையே இழையோடு ஒப்பிட்டுக் கவிதை படித்தார். அவள் உடம்புக்கு முடியாமல் படுத்திருந்தபோது நானும் அப்படி எதையோ சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நான் ஒண்ணும் பீம் இல்லடி. வலிக்குது. மாத்திரைய எடு" என்றாள். அதனால் அந்தக் கவிதையை நான் கைதட்டாமல் கேட்டேன்.

கவிதை முடிந்ததும் நிர்வாகி எழுந்தார். இனி வேலை சீக்கிரம் முடிய வேண்டும், முதல் விரிசலோடு சோதனையை நிறுத்திக்கொள்ளலாம், என்னைக் காட்டி, அவள் இடத்தை இனி இவர் பார்த்துக்கொள்வார் என்றார். மாலை போட்ட படத்துக்கு முன்னால் நின்று இதைச் சொல்ல எப்படி மனசு வந்ததோ! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் நிறுத்தமாட்டேன் சார். நிறுத்தணும்னா வேற ஆளப் பாருங்க" என்றேன். பின்வரிசையிலிருந்து குப்பத்துத் தலைவர், "அத்த சொல்லும்மா!" என்றார்.

குமாரியைத் தெரிந்தவர்களே, அவளுடைய நாற்காலியையும் மூக்குக்கண்ணாடியையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவளுடைய பிடிவாதம் போதும். அவள் செத்த அன்று நான் வார்த்த பீம்கள் இறுகி, இன்று காலை இயந்திரத்தில் ஏறின. 'டப்' என்றது. பக்கத்தில் நின்றவரின் கை ஸ்விட்சுக்குப் போனது. "கைய எடுங்க" என்றேன்.

டீ வந்துவிட்டது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவசரமுள்ளவர்கள் போகலாம்.