ஒரு நாளைக்குத் தம்பி என்று சொல்லாதே

தாம்பரத்துக்காரர்கள் நாங்கள் இன்னும் 'மெட்ராஸுக்குப் போய் வருகிறேன்' என்றுதான் சொல்வோம். எங்கள் ஊர் எங்கே முடிகிறது, மெட்ராஸ் எங்கே தொடங்குகிறது என்று இப்போது யாராலும் காட்ட முடியாது. இருந்தாலும் அப்படித்தான் சொல்கிறோம். போன மாசி மாதம் நானும் அவனும் அப்படித்தான் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

நான் சென்ட்ரிங் வேலை செய்தவன், கான்கிரீட் போடப் பலகை அடிக்கிற வேலை. அவன் குழாய் வேலை. பெரும்பாக்கம் பக்கம் ஒரு கட்டடத்தில் பழகினோம். அங்கே அப்போது நாரைகள் வந்து நிற்கும். பலகை முழுக்க எச்சம் போட்டு வைக்கும். அதைச் சுரண்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்போம். அது கிடக்கட்டும். கட்டடம் முடிந்ததும் சேலையூரில் ஒரே வீட்டில் குடியேறினோம். புருஷன் பெண்டாட்டி எப்படியோ அப்படித்தான் நாங்களும். வாடகைக்கு வீடு கேட்ட இடத்தில், "இவரு யாரு உங்களுக்கு?" என்றார்கள். "தம்பி" என்றேன். அன்றைக்கு வாயில் வந்த சொல், இருவருக்கும் தலை நரைத்த பிறகும் தெருவெல்லாம் அதே சொல்தான்.

அவன் மட்டும் என்னை ஒரு நாளும் அண்ணே என்றதில்லை. 'இந்தாய்யா' என்பான். எங்கள் தெருப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவார்களே, அந்த மாதிரி.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"இந்தாய்யா, அங்க நம்மள ஒருத்தருக்கும் தெரியாது. இன்னிக்கு ஒரு நாளைக்கு என்னைத் தம்பின்னு சொல்லாத."

"வேற இன்னான்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். யாராச்சும் கேட்டா சிரி, போதும்."

சரி என்று அவன் கையில் அடித்துக் கொடுத்தேன்.

நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். ரயிலில் போர்டு படித்துச் சொல்வது அவன் வேலை. "சானடோரியம்... குரோம்பேட்டை... பல்லாவரம்..." ஏதோ நானே கட்டிய ஊர்களை எனக்குக் காட்டுகிறவன் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தான். எனக்கு அந்த வரிசை மனப்பாடம். ஆனாலும் அவன் வாயால் கேட்க வேண்டும்.

கடற்கரையில் நல்ல கூட்டம். மணலில் இறங்கியதும், "சறுக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். மணல் எங்கே சறுக்கும்? நானும் விடவில்லை. அலையில் கால் நனைத்தோம். பிறகு ஒரு பஜ்ஜிக் கடையில் பெஞ்சு போட்டிருந்தார்கள், உட்கார்ந்தோம். என் தாடையில் சட்னி வழிந்தது. அவன் தோள் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டான். வீட்டில் செய்கிறதுதான்.

கடைக்கார அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னா பெர்சு, பொண்டாட்டி கணக்கா தொடச்சி வுட்றாரு! யாரு இவரு உனுக்கு?"

அவன் என் முகத்தையே பார்த்தான். நான் சிரித்திருந்தால் போதும்.

"தம்பிம்மா" என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "கூடப் பொறந்தவன். இவன் பொண்டாட்டி ஊர்ல கீறா. மூணு பசங்க."

"அட போ பெர்சு, நான் வேற மாரி நெனச்சிட்டேன். எங்க தெருவுல ரெண்டு பேரு கீறாங்க, ஒண்ணாதான் குடும்பம் நடத்துறாங்க. நல்லாத்தான் கீறாங்க. நீங்களும் அப்படியோன்னு கேட்டேன்" என்று அடுத்த வாழைக்காயை மாவில் முக்கினாள்.

அப்போதுகூட நான் சிரித்திருக்கலாம். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் துண்டை மடித்துத் தோளில் போட்டான்.

"யம்மா, ஊர்ல கீற மூணு பசங்களுக்கும் சேர்த்து ஒரு பார்சல் கட்டு."

திரும்பும்போது அந்தப் பொட்டலம் அவன் மடியில் இருந்தது. ரயில் முழுக்க எண்ணெய் வாசனை. கிண்டி தாண்டியும் அவன் ஒரு போர்டையும் படித்துச் சொல்லவில்லை. நானே கேட்டேன்.

"இது எந்த ஸ்டேஷன்?"

"தெரியலண்ணே."

வீட்டு வாசலில் கீழ்வீட்டுப் பெண் நின்றிருந்தாள். "இன்னா, அண்ணனும் தம்பியும் எங்க போய்ட்டு வரீங்க?" என்றாள். அவன் பொட்டலத்தை அவளிடம் நீட்டினான்.

"அண்ணன் மெட்ராஸ் காட்டுச்சு. இந்தா, பசங்களுக்குக் குடு."

மறுநாள் காலையில் டம்ளரைப் பக்கத்தில் வைத்து, "அண்ணே, காப்பி" என்றான். இன்று வரைக்கும் அப்படித்தான். சமைக்கிறான், என் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறான், எதிலும் குறை வைப்பதில்லை. தெருவில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் அவர்கள் காதுக்கு எல்லாம் சரியாகக் கேட்கிறது.

போன வாரம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "இன்னொரு வாட்டி பீச்சுக்குப் போலாமா? அந்தப் பஜ்ஜிக் கடைக்கே போலாம்."

அவன் என் முட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எதுக்குண்ணே? அதான் பார்த்தாச்சே."